குற்றத்தடுப்புக்கு வரும் பணம்: பிரிட்டன் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனிலும் பிரிட்டனின் பிற நகரங்களிலும் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள், கோயில் அறங்காவலர் குழுக்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

குற்றம் நடந்த பிறகு துப்புத் துலக்கவும் வழக்கு நடத்தவும் தண்டிக்கவும் ஆகும் செலவு காவல்துறை, நீதிமன்றம், சிறைச்சாலை ஆகியவற்றின் வரவுசெலவுக் கணக்கில் ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. குற்றம் நடக்காமலே பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அப்படி ஒரு நிரந்தர ஒதுக்கீடு குறைவு. அதற்கான பணம் பெரும்பாலும் நல்கையாகவே வருகிறது: குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, விண்ணப்பித்தவர்களில் சிலருக்கு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த நல்கை பல வழிகளில் கிடைக்கிறது. உள்துறை அமைச்சகம் நேரடியாகத் தருவது ஒன்று. 2012 நவம்பரில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காவல், குற்ற ஆணையர்கள் வழியாக வருவது இன்னொன்று. அந்தப் பதவியை உருவாக்கிய 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் குறைக்க உதவும் எவருக்கும் நல்கை தரும் அதிகாரத்தை ஆணையருக்கு அளிக்கிறது. லண்டனில் அந்த வேலையைச் செய்வது மேயரின் காவல், குற்ற அலுவலகம். 1998ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டம் ஒவ்வொரு உள்ளூராட்சிப் பகுதியிலும் நகரசபையும் காவல்துறையும் சேர்ந்து இயங்கியாக வேண்டும் என்று விதித்தது; அதன்படி அமைந்த சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்புகளிடமும் சிறு தொகைகள் உண்டு. 2019இலிருந்து வன்முறைக் குறைப்புப் பிரிவுகள் இயங்குகின்றன. குற்றவாளிகளிடம் பறிமுதல் செய்த சொத்தில் காவல்துறைக்குத் திரும்பும் பங்கிலிருந்தும் சில பகுதிகளில் உள்ளூர் அமைப்புகளுக்குப் பணம் போகிறது. தேசிய லாட்டரி நிதியும் தனியார் அறக்கட்டளைகளும் தனி. ஸ்காட்லாந்தின் ஏற்பாடுகள் வேறு.

வழிகள் பல என்பதால் பெரும்பாலான விண்ணப்பங்கள் எங்கே பணம் இருக்கிறது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. கடந்த நாற்பது ஆண்டு பிரிட்டன் அனுபவத்தைப் பார்த்தால், அங்கே தொடங்கிய திட்டங்கள்தான் அதிகம் தோற்றிருக்கின்றன.

வென்ற திட்டம் எது என்று கேட்டால் இத்துறையினர் முதலில் சொல்லும் பெயர் கிர்க்ஹோல்ட். மான்செஸ்டருக்கு வடக்கே ராச்டேல் நகரத்தில் சுமார் 2,280 வீடுகள் கொண்ட நகரசபைக் குடியிருப்பு அது. 1985இல் அங்கே பதிவான வீட்டுத் திருட்டு ஏறத்தாழ நான்கு வீட்டுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. உள்துறை அமைச்சகத்தின் ஆதரவுடன் காவல்துறை, நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை, மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆகியோர் சேர்ந்து அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். எடுத்த எடுப்பில் அவர்கள் பூட்டும் வாங்கவில்லை, விளக்கும் போடவில்லை. திருட்டுப் போனவர்களிடமும், அவர்களின் பக்கத்து வீட்டாரிடமும், பிடிபட்ட திருடர்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள்.

பேச்சில் வெளிவந்தவை எவரும் மேசையில் இருந்தபடி ஊகித்திருக்க முடியாதவை. ஏறத்தாழப் பாதித் திருட்டுகளில் களவு போனது, காசு போட்டால் ஓடும் மின் மீட்டரிலும் எரிவாயு மீட்டரிலும் சேர்ந்திருந்த சில்லறை. அந்த வீடுகளில் மற்றபடி எடுத்துப்போக அதிகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உண்டியல் இருப்பது திருடனுக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் மறுபடியும் திருட்டு நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைப்போல நான்கு மடங்கு இருந்தது.

திட்டம் இந்த இரண்டு செய்திகளின் மேல் கட்டப்பட்டது. மின் வாரியத்தைச் சம்மதிக்க வைத்துக் காசு மீட்டர்கள் மாற்றப்பட்டன. குடியிருப்பு முழுவதற்கும் பூட்டு வாங்கிக் கொடுக்காமல், திருட்டுப் போன வீட்டுக்கு மட்டும் உடனே போய்க் கதவும் சன்னலும் பலப்படுத்தப்பட்டன. அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். தெருவெல்லாம் கூட்டம் போட்டு அமைக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. பிரிட்டனின் முதல் அண்டைவீட்டார் கண்காணிப்புக் குழு 1982இல் செஷயர் மாவட்டத்தின் மோலிங்டன் கிராமத்தில் தோன்றியது. அத்தகைய குழுக்கள் திருட்டுக் குறைவான, வசதியான பகுதிகளில் செழித்து, மிகவும் தேவைப்படும் இடங்களில் வாடுவது வழக்கம். கிர்க்ஹோல்ட்டில் கேட்கப்பட்டது ஐந்தாறு வீட்டாரின் உதவி மட்டுமே, அதுவும் பக்கத்து வீட்டில் கதவு உடைந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்தவர்களிடம்.

ஐந்து மாதத்துக்குள் திருட்டு முன்பிருந்ததில் 40 விழுக்காடாகக் குறைந்தது. மூன்று ஆண்டில் வீழ்ச்சி 75 விழுக்காடு. 1987க்குப் பிறகான இரண்டாம் கட்டத்தில் திருடுபவர்களைத் திருட்டுக்குத் தள்ளும் காரணங்கள் கையில் எடுக்கப்பட்டன: கடன் தொல்லைக்குக் குடியிருப்புவாசிகளின் சொந்தக் கடன் சங்கம், தண்டனை பெற்றவர்களுக்கு நன்னடத்தை அலுவலர்களின் குழுப்பயிற்சி, பள்ளிகளில் தனிப் பாடத்திட்டம். முழுத் திட்டத்துக்கும் ஆன செலவு சுமார் 3 லட்சம் பவுண்ட். மிச்சமானதாகக் கணக்கிடப்பட்டது சுமார் 12 லட்சம்.

இந்த வெற்றிக்குப் பின் பல ஊர்களில் கிர்க்ஹோல்ட்டைப் போலச் செய்ய முயன்றார்கள். நிக் டில்லி என்ற ஆய்வாளர் 1993இல் அத்தகைய நகல் திட்டங்களை எடுத்துப் பார்த்தபோது கிடைத்த விடை கலவையானது: ஓரிடத்தில் பலன், இன்னோரிடத்தில் இல்லை. காசு மீட்டரே இல்லாத ஊரில் மீட்டரை எப்படி மாற்றுவது? எதை நகலெடுப்பது என்பதே தகராறாக இருந்தது. பட்டியலிட்ட நடவடிக்கைகளை நகலெடுத்தவர்கள் கிர்க்ஹோல்ட்டின் உயிரை விட்டுவிட்டார்கள். அது முதலில் விசாரித்த முறையில் இருந்தது.

எதிர்த் திசையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சிசிடிவி கேமரா. 1994க்கும் 1999க்கும் இடையே உள்துறை அமைச்சகம் நடத்திய கேமரா நல்கைப் போட்டியில் 585 திட்டங்களுக்கு 38.5 மில்லியன் பவுண்ட் வழங்கப்பட்டது. 1996இலிருந்து 1998 வரை அமைச்சகத்தின் குற்றத்தடுப்புப் பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் கேமராவுக்கே போனது. அதன் பிறகு வந்த அடுத்த சுற்றுக்கு இன்னும் பெரிய தொகை. 2005இல் மார்ட்டின் கில்லும் ஏஞ்சலா ஸ்ப்ரிக்ஸும் வெளியிட்ட மதிப்பீட்டில், ஆராய்ந்த 14 கேமரா அமைப்புகளில் இரண்டில் மட்டுமே ஒப்பீட்டுப் பகுதியைவிடக் குற்றம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க அளவில் குறைந்திருந்தது. அவற்றில் ஒன்றுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். கார் நிறுத்துமிடங்களில் கேமரா பயன்பட்டது. மது அருந்திவிட்டு அடித்துக்கொள்ளும் கூட்டத்தைக் கேமரா தடுக்கவில்லை, படம் பிடித்தது. இருந்தும் கேமரா இன்றுவரை விண்ணப்பங்களின் செல்லப்பிள்ளை. கம்பத்தில் ஏறி நிற்பதால் எல்லோர் கண்ணிலும் படுகிறது, ரசீது காட்டலாம், திறப்பு விழா நடத்தலாம்.

1999 ஏப்ரலில் தொடங்கிய குற்றக் குறைப்புத் திட்டம் இந்தப் பழைய தவறுகளைத் திருத்தும் நோக்கத்தோடு வந்தது. கேமராவுக்கான தொகை தவிர மூன்று ஆண்டுக்கு 250 மில்லியன் பவுண்ட். அதில் பத்திலொரு பங்கு மதிப்பீட்டுக்கென்றே ஒதுக்கீடு. எது பயன் தரும் என்ற சான்றைச் சேர்த்து, பயன் தருவதற்கு மட்டும் பணம் கொடுத்து, பத்தாண்டு நடத்துவதாக எண்ணம். வீட்டுத் திருட்டுக் குறைப்புக்கு மட்டும் 247 திட்டங்கள் நல்கை பெற்றன. ஆனால் 2002இல் எல்லாம் நின்றது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் மைக் மகையர் 2004இல் எழுதிய ஆய்வு அதன் காரணங்களைப் பேசுகிறது. விண்ணப்பிக்கக் கொடுத்த அவகாசம் குறைவு. தேர்வான பிறகு ஆள் எடுக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. கிடைத்தவர்களும் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே வேறு வேலை தேடிப் போனார்கள். கூட்டாளி அமைப்புகள் தகவலைப் பகிரத் தயங்கின. பணம் செலவாகாமல் தேங்கியது. அமைச்சர்களுக்கோ விரைவில் எண்ணிக்கை குறைந்தாக வேண்டியிருந்தது. பல திட்டங்கள் பயன் தந்தனவா என்று மதிப்பிட முடியாமல் போனதற்குக் காரணம் எளியது: எழுதிக் கொடுத்தபடி அவை நடக்கவேயில்லை.

இந்த வரலாறு தமிழ் அமைப்புகளோடு நேரடியாகத் தொடர்புடையது. தெற்காசியக் குடும்பங்களின் தங்க நகையைக் குறிவைக்கும் திருட்டுப் பற்றிப் பிரிட்டன் காவல்துறை தீபாவளி நெருங்கும்போதெல்லாம் எச்சரிக்கிறது. பல சங்கங்களுக்கு நல்கை கேட்கத் தோன்றும் முதல் காரணமும் இதுதான். இங்கேயும் கேமராவிலிருந்து தொடங்கலாம். அல்லது கிர்க்ஹோல்ட்டைப்போலக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். திருட்டு நடந்தது வீட்டார் வேலைக்குப் போன பகலிலா, குடும்பம் முழுவதும் கல்யாண மண்டபத்தில் இருந்த சனிக்கிழமை மாலையிலா? உள்ளே வந்தது முன்கதவு வழியா, பின்சந்து வழியா? நகை எங்கே இருந்தது, அது வெளியாருக்குத் தெரிய வழி இருந்ததா? அதே வீட்டில் முன்பும் நடந்திருக்கிறதா? இருபது குடும்பங்களிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிய இரண்டு பக்கம், நல்கை வழங்குபவரிடம் வேறு எவரும் கொண்டுவர முடியாத சான்று. காவல்துறையிடம்கூட அது இருக்காது. மொழி தெரிந்து, வரவேற்பறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி கேட்கக்கூடியவர்கள் சங்கத்தார்தான்.

பொதுத் தகவலும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. 2011 முதல் காவல்துறையின் இணைய வரைபடம் இங்கிலாந்து, வேல்ஸின் தெருவாரிக் குற்ற எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிடுகிறது. வீட்டை அடையாளம் காணாமலிருக்க இடத்தைச் சற்று நகர்த்திக் காட்டுவதால் ஒரு தெருவை இன்னொரு தெருவோடு துல்லியமாக ஒப்பிட முடியாது. வட்டார அளவில் பயன்படும். பாதிக்கப்பட்டவர் எந்தச் சமூகத்தவர், திருடன் எப்படி நுழைந்தான் என்பதெல்லாம் அதில் கிடையாது. போலீசுக்குப் போகாத திருட்டும் அதில் கிடையாது. கணக்கில் வராத நகை, விசா நிலை பற்றிய அச்சம், போய் என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு, எந்தக் காரணமானாலும் புகார் கொடுக்காத திருட்டு, நல்கை வழங்குபவரைப் பொறுத்தவரை நடக்காத திருட்டு. புகார் எழுத உதவுவதே சில சங்கங்களுக்கு முதல் திட்டமாக அமையலாம். அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை.

சந்து வழியாகத் திருட்டு நடப்பது உறுதியானால், அதற்குச் சான்றுள்ள மருந்து இருக்கிறது. வடஇங்கிலாந்தின் பழைய வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளுக்கு இரும்புக் கதவு போட்டு, குடியிருப்பவர்களுக்கு மட்டும் சாவி கொடுக்கும் முறை லிவர்பூலில் பெரிய அளவில் நடந்தது. 2004இல் வெளியான ஆய்வு அங்கே திருட்டு சுமார் 37 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. கதவின் விலை பெரிதல்ல. சந்தின் மேல் வழியுரிமை உள்ள வீட்டாரின் சம்மதம், நகரசபையின் அனுமதி, குப்பை அள்ளுபவருக்கும் தீயணைப்புத் துறைக்கும் சாவி, துருப்பிடித்த பூட்டை நான்காம் ஆண்டில் மாற்றப்போவது யார் என்பவைதான் வேலை. நல்கை கதவை வாங்கும். கையொப்பம் வாங்க வீடு வீடாக ஏறி இறங்கும் ஆளுக்குச் சம்பளம் விண்ணப்பத்தில் இல்லாவிட்டால் கதவு கிடங்கில் கிடக்கும்.

குற்றக் குறைப்புத் திட்டத்தில் நல்கை பெற்ற வீட்டுத் திருட்டுத் திட்டங்களில் இன்னொன்றும் தெரியவந்தது. சில இடங்களில் பூட்டு மாட்டும் வேலை தொடங்குவதற்கு முன்பே திருட்டு குறையத் தொடங்கியது. ஏதோ நடக்கப்போகிறது என்ற செய்தி ஊரில் பரவியதே போதுமானதாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. விளம்பரத்துக்கான தொகையை விண்ணப்பத்தில் கடைசி வரியாக வைக்கும் சங்கங்கள் இதைக் கவனிக்கலாம்.

இளைஞர் வன்முறைக்கான நல்கை வேறு வகை. அதில் பெரியது 2019இல் உள்துறை அமைச்சகம் 200 மில்லியன் பவுண்ட் கொடுத்துப் பத்தாண்டுக்கு நிறுவிய இளைஞர் அறக்கொடை நிதியம். அது திட்டத்துக்குப் பணம் தருவதோடு, திட்டம் பலித்ததா என்று வெளியாரைக் கொண்டு சோதிக்கிறது. சில சோதனைகளில் சேர வருகிற பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் திட்டத்தைக் கொடுப்பார்கள். சனிக்கிழமைப் பள்ளி நடத்துபவர்களுக்கு இது நெஞ்சை உறுத்தும். தம்மிடம் வந்த பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது?

அந்த உறுத்தலுக்கு அமெரிக்காவில் ஒரு கசப்பான பதில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சோமர்வில் நகரங்களில் 1939இல் ஒரு பெருமுயற்சி தொடங்கியது. சிறுவர்களை இருவர் இருவராக இணை சேர்த்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு வழிகாட்டி, பாட உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் சராசரியாக ஐந்து ஆண்டு கொடுத்தார்கள். மற்றவனுக்கு எதுவும் இல்லை. ஜோன் மெக்கார்ட் முப்பது ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் பிடித்து 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்கள் மீண்டும் குற்றம் செய்ததிலும் குடிநோயிலும் அகால மரணத்திலும் உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். இதில் மிகவும் யோசிக்க வைப்பது, அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அந்தத் திட்டம் தமக்கு நன்மை செய்தது என்றே சொன்னதுதான். ஆண்டறிக்கைகளில் இடம்பெறும் மனநிறைவுக் கருத்துப் படிவங்களின் மதிப்பு அவ்வளவே.

சிறிய சங்கத்தால் குலுக்கல் சோதனை நடத்த முடியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் எண்ணிக்கையைப் படிப்பதில் இரண்டு பொறிகள் சிறிய திட்டங்களுக்கே அதிகம். ஒன்று, வழக்கத்துக்கு மாறாகத் திருட்டு மிகுந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, யாரும் ஒன்றும் செய்யாமலே எண்ணிக்கை குறைவது இயல்பு. ஒரு தெருவில் வழக்கமாக ஆண்டுக்குப் பத்துத் திருட்டு என்று வைத்துக்கொண்டால், இருபது நடந்த ஆண்டில் நல்கை கேட்டு, அடுத்த ஆண்டு பன்னிரண்டானதும் வெற்றி என்று அறிவிப்பது எளிது. மூன்று, நான்கு ஆண்டு எண்ணிக்கையும், திட்டம் நடக்காத பக்கத்து வட்டாரத்தின் எண்ணிக்கையும் சேர்த்து வைத்தால்தான் பேச்சில் பொருள் உண்டு. இரண்டாவது இதற்கு நேர் எதிர்: புகார் கொடுக்கச் சொல்லி ஊக்குவிக்கும் திட்டம் வெற்றி பெற்றால் பதிவாகும் குற்றம் கூடும். குடும்ப வன்முறை, இனவெறித் தாக்குதல் பற்றிய திட்டங்களில் இது ஏறத்தாழ நிச்சயம். விண்ணப்பத்திலேயே இதை எழுதி வைக்காத அமைப்பு ஆண்டு முடிவில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

பணத்தின் நடைமுறை பற்றிச் சுருக்கமாக. எழுதப்பட்ட விதிமுறை, அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, உறவினர் அல்லாத இருவரின் கையொப்பம், பிள்ளைகளோடு வேலை என்றால் பாதுகாப்புக் கொள்கையும் பின்னணிச் சரிபார்ப்பும், பொதுப் பொறுப்புக் காப்பீடு ஆகியவை பெரும்பாலும் கேட்கப்படும். அறக்கட்டளைப் பதிவு எண் எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. ஒரு நோக்கத்துக்கென வந்த பணத்தை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. குற்றத்தடுப்புக்கு வந்த தொகையில் கோயில் கூரையைச் செப்பனிடுவது, பிறகு திருப்பி வைத்தாலும், அறக்கட்டளைச் சட்டப்படி நம்பிக்கை மீறலே. பல நல்கைகள் முன்பணமாக வருவதில்லை. செலவு செய்து ரசீது காட்டினால் காலாண்டு கழித்து வரும். கையிருப்பு இல்லாத சங்கம் அதற்குள் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறும். அத்தகைய இடத்தில் கையிருப்புள்ள பெரிய அமைப்பொன்றின் கீழ்க் கூட்டாளியாகச் சேர்வது கௌரவக் குறைவல்ல. நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், தாமதமாக வந்த பணத்தை மார்ச்சுக்குள் தீர்க்கும் அவசரத்தில் தேவையற்ற பொருள் வாங்கப்படுவது பிரிட்டன் முழுவதும் காணும் காட்சி. செலவாகாத தொகைக்குக் கால நீட்டிப்பை ஜனவரியிலேயே எழுத்தில் கேட்டால் பல நிதியங்கள் இசைகின்றன. மார்ச் கடைசி வாரத்தில் கேட்டால் இசைவது அரிது.

நல்கை முடிந்த பிறகு எது தொடரும் என்ற கேள்விக்குப் பெரும்பாலான விண்ணப்பங்கள் தன்னார்வலர்கள் தொடர்வார்கள் என்று ஒரு வரியில் பதில் எழுதுகின்றன. படிப்பவர்கள் அதை நம்புவதில்லை. நம்பத்தக்க பதில்கள் மூன்று வகை. பூட்டு, கதவு போன்று ஒருமுறை செய்தால் நிற்பவை. அவற்றுக்குப் பராமரிப்புப் பொறுப்பை ஏற்கும் நகரசபையின் கடிதம் இணைக்கப்பட வேண்டும். கிர்க்ஹோல்ட்டின் கடன் சங்கம் போன்று உறுப்பினர் பணத்தில் தன்னைத்தானே நடத்திக்கொள்பவை. சீட்டுப் பிடித்துப் பழகிய சமூகத்துக்கு இது புதிதல்ல, ஆனால் பதிவும் கணக்காய்வும் உள்ள வடிவில் வேண்டும். மூன்றாவது, வேறொரு நிறுவனத்தின் அன்றாட வேலையாக மாறிவிடுபவை: திருட்டுப் போன வீட்டுக்கு இரண்டு நாளில் தமிழ் பேசும் ஒருவர் போவது என்ற நடைமுறையைக் காவல்துறையின் பாதிக்கப்பட்டோர் உதவிப் பிரிவு தன் பட்டியலில் சேர்த்துக்கொள்வது போல. இந்த மூன்றிலும் அடங்காத திட்டம் பணம் நின்ற அன்றே நிற்கும். அப்படிப்பட்ட திட்டத்தைக் கேட்கவே கூடாது என்பதில்லை. ஒரு கோடை விடுமுறைக்கான விளையாட்டு முகாம் அந்தக் கோடைக்கு மட்டும் பயன்பட்டாலும் போதும் என்று தருபவரும் பெறுபவரும் ஒப்புக்கொண்டால் அதில் குறையில்லை. அதை மூன்றாண்டுத் திட்டமாக எழுதிக் கொடுப்பதுதான் பிறகு கணக்கு ஒப்படைக்கும்போது சிக்கலாகிறது.